கண்டறியப்படவில்லை

மூக்கருகே கொண்டுபோவதற்கு முன்பே தெரிந்துவிட்டது தெய்வசிகாமணிக்கு. இருந்தாலும் கொண்டுபோனார். கடைக்காரப் பெண்மணி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முகராமலே வேண்டாம் என்றால் இந்தப் பெரியவருக்கு என்ன திமிர் என்று நினைப்பாள். கத்தரிப்பூ நிறத்தில் சுருட்டி வைத்த யோகா பாய், இடுப்பைச் சுற்றிப் பழுப்புக் காகிதப் பட்டை, பட்டையில் ஒரு பச்சை இலை, இலைக்குக் கீழே ‘பூமியின் தோழன்’ என்று கொட்டை எழுத்து. தோழனாம். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தில் அழுத்தினார். பதிந்த பள்ளம் சோம்பேறித்தனமாக மேலே எழும்பி வந்தது. நாக்கடியில் அந்த இனிப்பு ஊறியது. புதுச் செருப்பு, புதுப் பள்ளிக்கூடப் பை, மழைக்கோட்டு, பிரிக்காத பொம்மை, எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கிற அதே இனிப்பு. கடலோரத்தில் இருந்த ஒரு பி.வி.சி. ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்தவர் அவர். அதில் கடைசிப் பதினொரு வருஷம் தலைமை கெமிஸ்ட். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் மூக்கு மட்டும் வேலையை விடவில்லை. வேண்டாம்மா என்று பாயைத் திருப்பிக் கொடுத்தார். ஜெசிந்தா என்று மார்பில் பெயரட்டை குத்தியிருந்த அந்தப் பெண்மணிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்காலில் வலி போல, ஒரு காலில் பாரம் போடாமலே நின்றாள். முகம் சுளிக்காமல் பாயை வாங்கி அலமாரியில் செருகிவிட்டு அடுத்ததை எடுக்கப் போனாள். திருவான்மியூரில், மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருந்த கடை. சிறுதானியம், செக்கெண்ணெய், மூங்கில் பிரஷ், சாணி வாசனை வராத சாணி வறட்டி. காலை பதினொரு மணிக்கு அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. மூன்று பாய் பார்த்தாயிற்று. மூன்றிலும் இலைப் படம் இருந்தது. இலை வரைவதற்கு என்ன, யார் வேண்டுமானாலும் வரையலாம், அவருடைய ஆலையின் சுற்றுச்சுவரில்கூட முப்பதடி உயரத்துக்கு ஒரு மரம் வரைந்து வைத்திருந்தார்கள், அதில் கிளி வேறு.

சட்டைப் பையிலிருந்த துண்டுச்சீட்டை எடுத்து மறுபடி பார்த்தார். பார்க்கத் தேவையில்லை, வீட்டிலிருந்து கடைக்கு வருவதற்குள் நாலு தடவை பார்த்தாயிற்று. மனைவி புனிதவதியின் கையெழுத்து. மகள் எழிலரசி செல்போனில் அனுப்பியதை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதியிருந்தாள். ‘யோகா பாய் ஒண்ணு வாங்கி வைம்மா. டாக்டர் தினமும் பண்ணச் சொல்லியிருக்காங்க. பி.வி.சி. இல்லாததா பாத்து வாங்கு. வாசனை வந்தா வேண்டாம்.’ ஏழாம் மாதம். பெங்களூரில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறாள், ஆறு வருஷம் கழித்து, அவர் இருக்கிற வீட்டுக்கு. வாங்கி வைம்மா. அம்மாவுக்கு எழுதியது. அதில் அவருக்கு இடமில்லை. புனிதவதிதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் போறேன் என்று அவர்தான் சீட்டைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, ஜமுக்காளமே போதும்னு நான் சொன்னேன், மார்பிள் தரையில வழுக்கும்னுட்டா, என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பி.வி.சி. இல்லாததா. உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் மகள் அனுப்பிய சொல் அது. ஒன்றுமில்லை, இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாரும் சொல்வதுதான், பால் பாட்டில் வாங்கினாலும் கேட்கிறார்கள், தண்ணீர் பாட்டில் வாங்கினாலும் கேட்கிறார்கள். அல்லது சீட்டு அவர் கண்ணில் படும் என்று தெரிந்தே எழுதினாளோ. பட்டால் படட்டும் என்று எழுதினாளோ. பி.வி.சி. இல்லாத பாய், பி.வி.சி. இல்லாத வீடு, பி.வி.சி. இல்லாத அப்பா. அது எங்கே கிடைக்கும். அவள் படித்த பள்ளிக்கூடம், பல்லுக்குப் போட்ட கம்பி, எம்.எஸ்.ஸி. சேர்ந்த கல்லூரி, எல்லாமே அந்தப் புகைபோக்கியின் வழியாக வந்ததுதானே. சுற்றுச்சூழல் அறிவியல் படித்து, அந்தப் புகைபோக்கியை வைய வேண்டிய வார்த்தைகளை அவள் கற்றுக்கொண்டதுகூட அந்தப் புகையில்தான். சொன்னால் குத்திக்காட்டியது போல ஆகும். ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது, சீட்டை மடித்துப் பையில் வைத்தார்.

வாசனை வந்தா வேண்டாம். இதை எழுதியது அவள்தானா. நாலு வயசில் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து வயிற்றில் முகத்தைப் புதைத்து மூச்சை இழுப்பாளே, சட்டையை விடமாட்டாளே. புனிதவதி அந்தச் சட்டைகளைத் தனி வாளியில் போட்டு ஊறவைப்பாள், வீட்டுத் துணியோடு சேர்க்கமாட்டாள். குழந்தைக்கோ அது உசத்தியான வாசனை. ஒண்ணாம் வகுப்புக்குப் புதுப் பை வாங்கிய அன்றைக்குப் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு, அப்பா வாசனை அடிக்குது என்று கத்தினாள். கடைக்காரர் சிரித்தார். அவரும் சிரித்தார், பெருமையாக. மழைக்கோட்டில் அப்பா வாசனை, பிறந்தநாள் பலூனில் அப்பா வாசனை. பரிசோதனைக் கூடத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வித்தை காட்டினார். செம்புக் கம்பியைச் சூடாக்கி பி.வி.சி. துண்டைத் தொட்டு மறுபடி நெருப்பில் காட்டினால் சுடர் பச்சையாக எரியும். குளோரின் இருப்பதற்கு அடையாளம் அது. கண்ணில் கண்ணாடி மாட்டிய குட்டி முகம், பச்சை நெருப்பு, இன்னொரு தடவைப்பா இன்னொரு தடவைப்பா. எத்தனை தடவை காட்டினார். எத்தனை தடவை அந்தப் புகையை அவள் முகத்துக்கு நேரே... கை தானாக உயர்ந்து காற்றை விலக்கியது. ஏசி போடட்டுமா சார் என்று கேட்டாள் ஜெசிந்தா. இருக்கட்டும்மா என்றார். இந்தக் கடையில் அகல் விளக்கு விற்கிறார்கள், பஞ்சுத்திரி விற்கிறார்கள், செம்புக் கம்பிக்கு அந்தத் தண்ணீர்ச் சொம்பில் சுற்றியிருப்பதை உருவிக்கொள்ளலாம். மூன்று ‘பூமியின் தோழர்’களையும் ஓரத்தில் கிள்ளி நெருப்பில் காட்டினால் கடை முழுக்கப் பச்சையாக எரியும். ஜெசிந்தா போலீஸைக் கூப்பிடுவாள். கூப்பிடட்டும். பெயர் என்ன, தெய்வசிகாமணி, தொழில் என்ன, எரித்துப் பார்ப்பது. இத்தனை வருஷம் எங்கே எரித்தாய்.

நாலாவது பாயை விரித்தாள் அவள். இது சணல் சார், நம்ம சணல்தான், கையால தடவிப் பாருங்க. தடவினார். மேலே சணல், சொரசொரவென்று நன்றாக இருந்தது. சணல் இழைகளுக்கு இடையில் பளபளவென்று ஒரு பிசின் எட்டிப் பார்த்தது. பிசினுக்குச் சூழல் ரெசின் என்று பெயர் வைத்திருந்தார்கள். இளக்கச் சேர்க்கும் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு, அதே பி.வி.சி.க்கு வேறு சட்டை. முடித்திருத்தகம் போய்விட்டு வந்த திருடன். அடுத்தது டி.பி.இ. என்று போட்ட பாய், தொட்டாலே தெரிகிற பெட்ரோலியச் சரக்கு, குளோரின் இல்லை என்பது உண்மை, மண்ணில் போட்டால் மக்கும் என்று அச்சடித்திருப்பது எந்த மண்ணில் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதற்கடுத்தது தக்கைப் பாய், தக்கை என்னமோ மரப்பட்டைதான், கீழே ஒட்டியிருக்கும் பசை எது என்று ஒரு வரியும் இல்லை. எல்லாவற்றையும் முகர்ந்தார், அழுத்தினார், ஓரத்தை மடக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். சார் ரொம்ப விவரமா பாக்கறீங்க, யாருக்கு சார், மேடத்துக்கா, என்றாள். பொண்ணுக்கு, ஏழு மாசம், என்றார். சொன்னதும் அவள் முகமே மாறிவிட்டது. அப்ப இருங்க சார் என்று நொண்டிக்கொண்டே உள்ளே போய் ஒரு உருளையோடு வந்தாள், கூடவே பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள். இது மரத்துப் பால்ல செஞ்ச ரப்பர், மாசமா இருக்கறவங்க எல்லாம் இதத்தான் வாங்கிட்டுப் போறாங்க, லேப் சர்டிபிகேட்டே இருக்கு பாருங்க, என்று தாளை நீட்டினாள். வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ஈயம், கண்டறியப்படவில்லை. காட்மியம், கண்டறியப்படவில்லை. தாலேட்டுகள், கண்டறியப்படவில்லை. வரிசையாகப் பதினான்கு. கீழே ஒரு கையெழுத்து, நிதானமான, அழகான கையெழுத்து, ஒரு கோடு கூட நடுங்காமல். இந்தக் கையெழுத்துப் போட்டவனுக்கு எத்தனை வயசிருக்கும், வீட்டுக்குப் போனால் வயிற்றில் முகம் புதைக்க யாராவது இருக்கிறார்களா. பாத்தீங்களா சார், ஒண்ணுமே இல்ல, என்றாள் ஜெசிந்தா. ஒன்றுமே இல்லை என்று எங்கே போட்டிருக்கிறது. இல்லை என்பது வேறு, கண்டறியப்படவில்லை என்பது வேறு. கருவியின் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேடினோம், எட்டவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கருவி குருடாக இருந்தால் உலகத்தில் எதுவுமே இருக்காது. இந்த ஒரு வார்த்தையை அவர் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பார். பொய் இல்லை அது. அதுதான் அதில் விசேஷம். இருபத்தொன்பது வருஷத்தில் அவர் ஒரு பொய்கூட எழுதவில்லை.

தனபாக்கியம் என்று ஒருத்தி ஆலை வாசலுக்குத் தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஆலைக்குப் பின்னால் கீழத்தோப்பு என்று அவள் ஊர், நூற்றி இருபது வீடு, ஒரே கிணறு. ஒன்பது வருஷம் இருக்கும். வாசல் காவலாளி விரட்டிக்கொண்டிருந்தான், இவர் வண்டியை நிறுத்தினார். சார், தண்ணி ஒரு மாதிரி தித்திப்பா இருக்கு, புள்ளைங்களுக்கு வயித்தால போகுது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க என்றாள். மூடியைத் திறந்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. முறைப்படி பதிந்து, பாட்டிலில் ஊற்றி, எண் ஒட்டினார். கூடத்தில் அப்போது இரண்டு மெஷின் இருந்தது. பழையது ஒன்று, பார்வை மங்கியது. புதிது ஒன்று, போன மாதம்தான் வெளிநாட்டிலிருந்து வந்திறங்கியது, கடலில் ஒரு சொட்டு விழுந்தாலும் எழுதிக் காட்டிவிடும். பொது மேலாளர் மத்தியானம் இந்தப் பக்கமாக வந்தார். ஊர்த் தண்ணி வந்திருக்காமே என்றார். ஆமாம் சார் என்றார். எந்த மெஷின்ல போடப்போறீங்க சிகாமணி, என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். பழையதில் போடு என்று சொல்லவில்லை. தோளில் கை வைக்கவில்லை, மிரட்டவில்லை. பாப்பா எந்தக் காலேஜ் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பழையதில் போட்டார். கண்டறியப்படவில்லை. கையெழுத்திட்டு, சீல் வைத்து, தனபாக்கியத்தின் கையிலேயே கொடுத்தார். எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, அப்ப குடிக்கலாமா சார் என்றாள். எழுதியிருக்கில்லம்மா என்றார். குடிக்கலாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை, எந்தக் கோர்ட்டிலும் சொல்லலாம், நான் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து ஆலையின் கண் பரிசோதனை முகாமுக்காக அந்த ஊருக்குப் போனபோது அவள் வீட்டுக்குள் கூப்பிட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். இப்பதாம்மா குடிச்சேன் என்றார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, அத்தனை வெயில். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் விரல் பட்டது. அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, அதைத்தான் தாங்கமுடியவில்லை, கொஞ்சம் முறைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாத கூடத்துக்குப் போய் மிச்சத் தண்ணீரைப் புதிய மெஷினில் போட்டார். தண்ணீரில் கலந்திருந்ததற்கு அளவாக மெஷின் ஒரு எண்ணைத் துப்பியது. தாளைக் கிழித்து நாலாக, எட்டாக, பதினாறாகக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டார். தாள் போய்விட்டது. எண் போகவில்லை. அது உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, இந்தத் தலைக்குள், வழுக்கைக்கு ஒரு அங்குலம் கீழே, ஒன்பது வருஷமாக.

சார், காட்டட்டுமா, விரிச்சு நின்னு பாக்கறீங்களா, என்றாள் ஜெசிந்தா. ரப்பர் பாய் தரையில் விரிந்து கிடந்தது, யானைத்தோல் நிறம், கனம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். பாதம் பசக்கென்று பிடித்துக்கொண்டது. வழுக்காது, இதில் அவள் வழுக்கமாட்டாள். இந்த நிலைக்கு வந்துவிட்டோமே, காலால் மட்டும்தான் எதையும் நம்பமுடிகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் எழில் வந்து சொன்னது இப்படி நின்றுகொண்டுதான், வீட்டுக் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில், தோள் பையைக்கூட இறக்கவில்லை. கல்லூரியிலிருந்து கணக்கெடுப்புக்கு என்று இருபது பேர் போயிருந்தார்கள், எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தால் தடுத்திருப்பாரா, என்ன சொல்லித் தடுத்திருப்பார். கீழத்தோப்புல அந்தப் பேப்பர அவங்க லேமினேட் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருக்காங்கப்பா, என்றாள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள். கூட வந்தவங்க எல்லாரும் பாட்டில் தண்ணிதான் குடிச்சாங்க. நான் மட்டும் அவங்க குடுத்ததக் குடிச்சேன். உங்க கையெழுத்துப் பாத்துட்டு. அதைச் சொன்னபோது அவள் முகத்தில் கோபம் இல்லை, பெருமையின் மிச்சம் கொஞ்சம் ஒட்டியிருந்தது, என் அப்பா கையெழுத்து என்று அந்த இருபது பேரிடமும் சொல்லியிருப்பாள். அந்த நேரத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நல்ல வேலை பண்ணினே என்று சொல்லியிருக்கலாம். தாகத்துக்குக் குடித்தால் என்ன என்று சிரித்திருக்கலாம். வாயிலிருந்து வேறு வந்தது. ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆகாது, என்றார்.

ஒரு டம்ளர்ல. நாலு வார்த்தையில் அந்த ‘ஒரு’ மட்டும் போதுமாக இருந்தது அவளுக்கு. கெட்டிக்காரி. அப்படியே நின்று அவரைப் பார்த்தாள், ஒரு கணக்குக்கு விடை வந்துவிட்ட மாதிரி முகம் தெளிவாகிக்கொண்டே போனது. அடுப்படியில் புனிதவதி தாளித்துக்கொண்டிருந்தாள், கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டது, கருகுகிற வரைக்கும் மூவரில் ஒருவரும் அசையவில்லை. மறுநாள் விடுதிக்குப் போனவள்தான். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் இருந்தது. புகைப்படத்தில் இல்லை, கூப்பிடவில்லை என்று சொல்லமுடியாது, எல்லாரும் வாங்க என்று பொதுவாகக் கூப்பிட்டார்கள், அவர் கை கழுவும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் வேலைக்குப் போனார், அது வேறு. ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார், தேதி போடாமல். ஓய்வு பெறுகிற அன்றைக்கு இழுப்பறையைக் காலி செய்யும்போது அது கிடைத்தது, மாலைக்கும் சால்வைக்கும் நடுவில் வைத்து வீட்டுக்கு எடுத்துவந்தார். ஒரு டம்ளரில் ஒன்றும் ஆகாது. கணக்குப்படி ஆகாது. உடம்பின் எடை, டம்ளரின் அளவு, அந்த எண், பெருக்கிப் பார்த்தால் ஆகாதுதான், எத்தனை தடவை பெருக்கிப் பார்த்திருக்கிறார், காலையில் பல் துலக்கும்போது, பஸ்ஸில், கோயில் வரிசையில். போன வருஷம் எழிலுக்கு ஒன்று வயிற்றில் தங்கவில்லை. புனிதவதி அவரிடம் சொல்லவில்லை, போனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்து அரிவாள்மணைக்கு முன்னால் ஒன்றும் நறுக்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள், அவரே புரிந்துகொண்டார். அதிலிருந்து பெருக்கல் சரியாக வருவதில்லை. டம்ளர் மட்டுமா. பிறந்த குழந்தைக்குக் கீழே விரிக்க ஆலையிலிருந்து பால்நிற பி.வி.சி. தாளை முழம் முழமாகக் கொண்டுவந்தது யார், நனைந்தால் துடைத்தால் போதும் என்று புனிதவதிக்கு எடுத்துக்கொடுத்தது யார், ஒரு வருஷம் முழுக்க அதன்மேலேதானே கிடந்தாள், அதன் ஓரத்தைத்தானே பல் முளைக்கும்போது கடித்தாள். சம்பந்தம் இருக்கிறது என்று யாராலும் சொல்லமுடியாது. இல்லை என்றும் சொல்லமுடியாது. எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான் என்று டாக்டர்கள் சொல்வார்கள். அவருக்கு உள்ளே எங்கோ ஒரு ஊசி துடித்துக்கொண்டே இருக்கிறது, எந்த எண்ணிலும் நிற்கமாட்டேன் என்கிறது.

போன் அடித்தபோது அவர் இன்னும் பாயின் மேல்தான் நின்றுகொண்டிருந்தார். புனிதவதி. கிடைச்சுதா என்று கேட்டாள். பாத்துக்கிட்டிருக்கேன் என்றார். ஒரு மணி நேரமா என்ன பாக்கறீங்க, இருங்க, எழிலும் லைன்ல இருக்கா, எது வேணும்னு அவகிட்டயே கேட்டுடுங்க, என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டாள். எப்போதும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்கிறவள், இதைச் சொல்லாமல் செய்தாள். அந்தப் பக்கம் பெங்களூர் தெருவின் ஹாரன் சத்தம். யாரோ மூச்சுவிடுகிறார்கள், கொஞ்சம் சிரமப்பட்டு, வயிற்றைத் தூக்கிக்கொண்டு விடுகிற மூச்சு. எப்படி இருக்கே என்று கேட்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. தெரிந்ததைப் பேசினார்.

“எழில், ரப்பர் பாய் ஒண்ணு இருக்கு,” என்றார். “பி.வி.சி. இல்ல. அது நிச்சயம், நானே பாத்துட்டேன். ஆனா ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகமும் இன்னும் சில மருந்தும் போடுவாங்க. எவ்வளவு போட்டிருக்காங்கன்னு எழுதல. சர்டிபிகேட் குடுத்திருக்காங்க, கண்டறியப்படவில்லைன்னு. அதுக்கு இல்லைன்னு அர்த்தம் கிடையாது. எந்த மெஷின்ல பாத்தாங்கன்னு போடல. பத்து நாள் நிழல்ல விரிச்சுப் போட்டா வாசனை போயிடும். வாசனைதான் போகும். மத்தது எனக்குத் தெரியல.”

பேசி முடித்தபோது காது சூடாகியிருந்தது. எதிரில் ஜெசிந்தா வாயைத் திறந்தபடி அவரையும் கையிலிருந்த சர்டிபிகேட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வியாபாரத்தைக் கெடுத்துவிட்டோம் என்று கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கம் ஹாரன் ஓய்ந்து, மறுபடி தொடங்கி, மறுபடி ஓய்ந்தது.

“சரி. அதையே வாங்குங்க,” என்றாள் எழில். ஆறு வருஷத்தில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. அப்பா என்று சொல்லவில்லை. அவர் வைத்துவிடப் போகும்போது, “வெள்ளிக்கிழமை வரேன்,” என்றாள். “வந்ததும் ஒண்ணு கேப்பேன். அப்பவும் இப்படியே சொல்லணும்.”

வைத்துவிட்டாள். புனிதவதி மட்டும் லைனில் இருந்தாள். என்ன கேப்பா, என்றாள் சின்னக் குரலில். வந்தா தெரியும் என்று சொல்லிவிட்டு அவரும் வைத்தார். என்ன கேட்பாள். அந்தத் தண்ணீரில் என்ன எண் என்று கேட்பாள். வேறென்ன கேட்கப்போகிறாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக முழுசாக ஒரு அறிக்கை வாசித்திருக்கிறார், தனக்குத் தெரியாது என்பதையும் சேர்த்து, ஒரு யோகா பாய்க்கு. என்ன ஆகிவிட்டது. கூரை இடிந்து விழவில்லை. மின்விசிறி அதே வேகத்தில் சுற்றுகிறது. ஜெசிந்தாகூடக் கோபப்படவில்லை, நல்லதா போச்சு சார், நானும் இனிமே கேக்கறவங்ககிட்ட நிழல்ல போடச் சொல்றேன், என்று சொல்லிக்கொண்டே பாயைச் சுருட்டுகிறாள். இவ்வளவுதானா. இதைச் செய்யவா அத்தனை பயந்தோம், வேலை போய்விடும், குவார்ட்டர்ஸ் போய்விடும், பாப்பா காலேஜ் போய்விடும் என்று. போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம், அதையும் பழைய மெஷினில் போட்டுத்தான் பார்த்தோம். இரண்டு நிமிஷம். இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற சமாச்சாரம். தனபாக்கியம் தூக்குவாளியோடு வாசலில் நின்ற நேரம் அதைவிட அதிகம். சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது, நிற்கவில்லை. பாய்க்குச் சொல்வது சுலபம், பாயை அவர் செய்யவில்லை.

பில் போட உட்கார்ந்த ஜெசிந்தா பெயர் கேட்டாள், சொன்னார். போன் நம்பர் சொல்லுங்க சார், புதுச் சரக்கு வந்தா மெசேஜ் அனுப்புவோம், என்றாள். தயங்காமல் பத்து இலக்கமும் சொன்னார். அவள் திருப்பி வாசித்துக் காட்டினாள். சரிதாம்மா என்று தலையாட்டினார். பாயைத் தோளில் சாத்திக்கொண்டு, குழந்தையைத் தூக்குவது போலக் கீழே ஒரு கையைக் கொடுத்து, மெதுவாக மாடிப்படி இறங்கினார். நாலாவது படியில்தான் அவருக்கே உறைத்தது, கடைசி இலக்கம் அவருடையது இல்லை. ஏழுக்குப் பதிலாக ஒன்று என்று சொல்லியிருக்கிறார். எதற்காகச் சொன்னார் என்று யோசித்துப் பார்த்தார். மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மேலே ஜெசிந்தா அடுத்த வாடிக்கையாளரை வாங்க என்று கூப்பிடுவது கேட்டது. நாலு படி ஏறினால் போதும். கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு இறங்கினார்.